மறைத்துவிடும் என்று மன்றாடினேன்

பாரிசின் லா சப்பலில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறேன். சென்ற மாசி மாதம், கல்யாண வீட்டாருக்குக் கூறைச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றபோது, எனக்குத் தெரியாமலே சிறுநீர் போய்விட்டது. கால் வழியே வழிந்த பிறகுதான் உணர்ந்தேன். இதை உங்கள் முன்னால் சாட்சியாகச் சொல்ல இப்போதும் வாய் கூசுகிறது.

அதற்கு முன் சில மாதங்களாகவே இப்படித்தான். ஓயாத தலையிடி. யோசிக்காமல் வாயில் வந்ததைப் பேசிவிடுவேன். நம் ஜெபக் கூட்டத்தில் ஒரு சகோதரி அழுது மன்றாடும்போது சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது. "இவவுக்கு இப்ப சரியான எடுப்பு" என்று, எனக்குத் திமிர் பிடித்துவிட்டதுபோல், பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

வைத்தியரிடம் போகவில்லை. கணவரிடமும் மகளிடமும் சொல்லவில்லை. நனைந்த உடுப்பை ஒளித்துத் தோய்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒரே மன்றாட்டு: "ஆண்டவரே, இதை ஒருத்தருக்கும் தெரியாமல் மறைச்சுவிடும்." சுகம் கேட்கவில்லை. மானத்தைத்தான் கேட்டேன்.

அன்று கடையில் அத்தனை பேர் முன்னால் மறைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. கழிவறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டு, "இது என்னெண்டு நீரே காட்டும்" என்று அழுதேன். எழும்பப் போனவள் தலை சுற்றி விழுந்தேன். கதவை உடைத்துத்தான் தூக்கினார்களாம்.

அவசரப் பிரிவில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு முன்னால் எத்தனையோ பேருடைய படங்கள் காத்திருந்தன. ஆனால் அங்கே செயற்கை நுண்ணறிவுதான் படங்களை முதலில் பார்த்து, சந்தேகமானதை முன்னுக்கு அனுப்புமாம். கொஞ்ச நேரத்திலேயே வைத்தியர் வந்துவிட்டார். அவர் பிரெஞ்சில் சொன்னதை, செய்தி கேட்டு ஓடிவந்திருந்த மகள் தமிழில் சொன்னாள்.

"அம்மா, மூளையில முன்பக்கம் ஒரு கட்டி. கொம்பியூட்டர்தான் முதல்ல குறிச்சுக் காட்டினதாம். பிறகு டொக்டரும் பார்த்திட்டு ஓமெண்டு சொல்லுறா."

"அதாலதானோ பிள்ளை, எனக்கு... தெரியாமல் நனையிறது?"

அவள் கேட்டுச் சொன்னாள். "ஓம் அம்மா. கண்டபடி சிரிக்கிறதும் அதாலதானாம். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கட்டியை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை. நான் சிரித்து நோகடித்த அந்தச் சகோதரிதான் ஆஸ்பத்திரிக்கு முதலில் கஞ்சி கொண்டுவந்தா. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். "முதல்ல குடியுங்கோ அக்கா" என்றா. அன்று நான் அழுத அழுகையை வலி என்று தாதி நினைத்துவிட்டாள்.

அந்த இயந்திரத்துக்கு ஜெபம் தெரியாது, என்னையும் தெரியாது. ஆனாலும் ஆண்டவர் அதைக் கொண்டு எனக்குக் காட்டினார் என்றே நம்புகிறேன். நான் கேட்டபடியே அவர் மூடி மறைத்திருந்தால் செத்திருப்பேன்.

வெட்கம் தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்னும் தீரவில்லை. அந்த வெட்கத்தோடேயே ஆண்டவரிடம் சொல்லுங்கள், வீட்டாரிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் போங்கள். ஆண்டவர் ஒருநாளும் முகம் சுளிக்க மாட்டார்.