நோர்வேக் கப்பலில் கரி அள்ளப் போனவரைத் தேடி ஒரு சனிக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன் இதே தளத்தில் டொரன்டோவின் லிட்டில் நோர்வே பூங்காவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். பிள்ளைகள் ஓடி விளையாட இடம் உண்டு, வாகனம் நிறுத்துவது தலையிடி, ஏரிக்காற்றுக்குத் தொப்பி வேண்டும் என்ற அளவில்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நோர்வே நாட்டு விமானிகள் அங்கே பயிற்சி எடுத்தார்கள், அவர்களுக்கு அழகான நினைவுக்கல் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரியால் வந்ததுதான் இந்தப் பயணம். பல் வைத்தியரின் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஜெயந்தியின் அப்பா அதை வாசித்துவிட்டு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“பிள்ளை, உந்த நோர்வேக்காரரின்ர கப்பல் ஒண்டிலதான் எங்கட அந்தாளும் போனது. உங்கை கல்லில பேர் ஏதும் வெட்டி வைச்சிருக்கினமோ?”

‘அந்தாள்’ என்றது அவரைப் பெற்ற தகப்பனை.

யேசுதாசன் அங்கிளுக்கு எண்பத்திரண்டு வயது தாண்டிவிட்டது. ஊர்காவற்றுறைக்காரர், இப்போது பிக்கரிங்கில் மகளோடு இருக்கிறார். அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போது தகப்பன் சந்தியாப்பிள்ளை கொழும்புத் துறைமுகத்தில் ஒரு நோர்வேச் சரக்குக் கப்பலில் ஏறினார். எஞ்சின் அறையில் நெருப்புக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. கேப் டவுனிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. போர் முடிந்ததும், வேறு கப்பலில் போய்வந்த ஊர்க்காரர் ஒருவர், “சந்தியாவை நியூயோர்க்கில நீளக் கோட்டோட கண்டனான், ஆள் இனி இஞ்சால வராது” என்று சொல்லிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆறு மாதத்துக்குள் அவருக்கு ஒரு வெள்ளைக்கார மனைவியையும் கட்டிவைத்துவிட்டார்கள்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கார்த்திகை மாதத்தில் எங்கள் கோயில்களில் இறந்த ஆத்துமாக்களுக்குப் பூசை நடக்கும். அவரவர் வீட்டு இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுப்போம், சுவாமியார் வாசிப்பார். அங்கிளின் தாய் திரேசம்மா சாகும்வரை தன் புருசனின் பெயரைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் செத்தவர் ஆகிவிடுவார் என்ற பயம். திரேசம்மாவைத் தாலியோடுதான் அடக்கம் செய்தார்கள். தாய்க்குப் பிறகு மகனும் கொடுக்கவில்லை. அது பயமில்லை, கோபம். விட்டுவிட்டுப் போனவனுக்கு என்ன பூசை என்று இருந்துவிட்டார். ஆக, இறந்தாரா ஓடினாரா என்று தெரியாமலே, ஒரு மனிதருக்காக எண்பது வருடமாய் ஒருவரும் ஒரு செபம் சொல்லவில்லை.

இந்த வருடப் பட்டியல் முடிவதற்குள் எது உண்மை என்று அங்கிளுக்குத் தெரியவேண்டும். இதய வைத்தியர் அவருக்கு நல்லதாக எதுவும் சொல்லவில்லை. அடுத்த கார்த்திகை தனக்குக் கிடைக்குமோ என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

தபாலட்டையில் இருந்த கப்பலின் பெயரை, பழைய மாலுமிக் குடும்பங்கள் கூடும் ஓர் இணையத்தளத்தில் போட்டேன். மூன்றாவது வாரம் பதில் வந்தது. நோர்வேயிலிருந்து வரும் என்று பார்த்தால், டொரன்டோ குயின்ஸ் கீ வீதியிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் இங்கிரிட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய அப்பா அதே கப்பலில் மூன்றாம் அதிகாரி, போருக்குப் பின் இங்கே வந்து குடியேறியவர். அவர் எழுதி வைத்த குறிப்புப் புத்தகம் தன்னிடம் இருக்கிறது, அதில் ‘சந்தியா, சிலோன்’ என்று ஒருவர் இருக்கிறார், மிச்சத்தை நேரில்தான் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தார். கப்பலின் பெயரை நான் இங்கே போடவில்லை. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

போன ஐப்பசியின் கடைசிச் சனிக்கிழமை கிளம்பினோம். காலை 9:10க்கு அஜின்கோர்ட்டில் காரை எடுத்து, 401 நெடுஞ்சாலையில் இருபது கிலோமீற்றர், 9:35க்கு பிக்கரிங் ரயில் நிலையம். வாகனம் நிறுத்தக் கட்டணம் இல்லை. ஜெயந்தி அப்பாவைக் கொண்டுவந்து விட்டாள். அந்தச் சனிக்கிழமை அலுவலகத்தில் அவளுடைய முறை என்பதால் அவளால் வர முடியவில்லை. அங்கிள் கோட்டும் சூட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்றார். செத்தவீட்டுக்கா கலியாணவீட்டுக்கா வெளிக்கிட்டிருக்கிறீர்கள் என்று பகிடியாகக் கேட்க வாயெடுத்து, நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன். எதுவென்று அவருக்கே தெரியாது.

வார இறுதியில் ரயிலுக்கு ஒரு நாள் பாஸ் பத்து டொலர். நாள் முழுக்க எங்கும் ஏறி இறங்கலாம். 9:55 ரயில், யூனியனில் 10:43. அங்கிருந்து ஸ்ட்ரீட்காருக்கு அந்தப் பாஸ் செல்லாது. எனக்கு 3.30, மூத்தோர் கட்டணத்தில் அங்கிளுக்கு 2.25. பத்து நிமிடத்தில் பாதர்ஸ்ட் சந்தியில் இறங்கினால் பூங்கா கண்ணுக்கு முன்னால் இருக்கும். ரயிலில் முக்கால் மணி நேரமும் அங்கிள் ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்தாளுக்கு அங்கை வேற பிள்ளையள் இருந்தால், நான் அவையளோட என்ன கதைக்கிறது?”

“முதல்ல போய்ப் பாப்பம் அங்கிள்” என்றேன்.

பூங்காவில் ஒரு கொடிமரமும், நோர்வேயிலிருந்து கொண்டுவந்த ஒரு பெரிய பாறையும் இருக்கின்றன. விமானிகளின் நினைவுக்கு வைத்தது. அங்கிள் பாறையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பின்புறத்தைக் கையால் தடவியும் பார்த்தார். சரக்குக் கப்பல்காரர் யாரும் அதில் இல்லை, கரி அள்ளியவர்கள் அறவே இல்லை. என் பழைய குறிப்பில் ‘அழகான நினைவுக்கல்’ என்று எழுதியிருந்தேன். அன்று அதைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. எதிரே தீவு விமான நிலையத்துக்கு ஒரு சின்ன விமானம் இறங்கியது, ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. இருபது நிமிடம் போதும் இந்த இடத்துக்கு.

இங்கிரிட்டின் வீடு நடந்தால் ஆறு நிமிடம், பதினோராம் மாடி. 11:30க்குப் போய்ச் சேர்ந்தோம். வெளிறிய, உயரமான பெண். கோப்பியும் ஏலக்காய் போட்ட பணிஸும் வைத்திருந்தார். அவர் நோர்வே மொழியில் வாசித்து ஆங்கிலத்தில் சொல்ல, நான் அங்கிளுக்குத் தமிழில் சொல்வதென்று ஏற்பாடு.

முதலில் கப்பலின் பயணங்களைச் சொன்னார். நோர்வேயை ஜெர்மன் படை பிடித்தபோது கப்பல் கடலில் இருந்தது. திரும்பிப் போக வீடு இல்லாததால் மாலுமிகள் நேச நாடுகளுக்காக ஓட்டத் தொடங்கினார்கள். கொழும்பில் தேயிலையும் ரப்பரும் ஏற்றி, கரி தள்ள ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு, கேப் டவுன், ஃப்ரீடவுன், லிவர்பூல். பிறகு அத்திலாந்திக்கில் மேலும் கீழுமாக ஹலிஃபக்ஸ், லிவர்பூல், நியூயோர்க். கோதுமை, மரம், இரும்பு, ஒருமுறை வெடிமருந்து. ஒவ்வொரு தடவையும் கூட்டமாகப் போன கப்பல்களில் எத்தனை கரைசேரவில்லை என்று இங்கிரிட்டின் அப்பா ஓரத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார். கோடுகளை இங்கிரிட் எண்ணவில்லை, விரலால் தடவிக்கொண்டே போனார்.

நியூயோர்க் பக்கம் வந்ததும் அங்கிள் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அந்தத் துறைமுகத்தில் மாலுமிகளுக்கான தேவாலயம் ஒன்று, குளிருக்கு நடுங்கிய கரிக்காரர்களுக்கு நீளக் கோட்டுகள் கொடுத்தது. அன்றிரவே ஆறு பேரில் இரண்டு பேர் கோட்டோடு கரையில் மறைந்துவிட்டார்கள்.

“ஆர் அந்த ரெண்டு பேர்?” என்றார் அங்கிள்.

இங்கிரிட் இரண்டு பெயர்களையும் வாசித்தார். இரண்டும் பம்பாய்க்காரர்களின் பெயர்கள். அடுத்த வரியில் இப்படி இருந்தது: ‘சந்தியாவும் மற்ற மூவரும் நின்றார்கள். இந்தத் தடவை லிவர்பூல் போய்வந்தால் அடுத்தது கொழும்பு என்று கப்பித்தான் சொல்லியிருக்கிறார். சந்தியா தினமும் என்னிடம் வந்து, அது உண்மைதானா என்று கேட்கிறான். வீட்டில் பிள்ளை பிறந்திருக்குமாம்.’

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பக்கத்தை வாசிக்கமுன் இங்கிரிட் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இதை யாருக்கும் சொன்னதில்லை, தன் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது என்றார். நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட ஒன்பதாம் நாள், கப்பலின் பின்புறத்தில் டோர்பிடோ வெடித்தது. கரிக்காரர்கள் எஞ்சின் அறைச் சூட்டிலிருந்து பெனியனோடு மேலே ஓடிவந்தார்கள். மூன்றாம் அதிகாரியின் படகில் பத்தொன்பது பேர், விளிம்புக்குக் கீழே நாலு விரல் அளவில் தண்ணீர். சந்தியா நீந்திவந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒருவர் ஏறினால் படகு கவிழும் என்று அதிகாரிக்குத் தோன்றியது. ‘நான் அவனுடைய விரல்களை எடுத்துவிட்டேன். அவன் கத்தவில்லை.’ அந்தப் பக்கத்தில் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இதை நான் விழுங்கிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எண்பது தாண்டிய மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. “கப்பல் தாண்டு போச்சுது அங்கிள், அவரும் தண்ணியிலையே போயிட்டார்” என்று மட்டும் சொன்னேன்.

“அவ ஃபிங்கேர்ஸ் எண்டவ,” என்றார் அங்கிள். “முப்பத்தைஞ்சு வருசம் இந்த நாட்டு ஃபக்டறியில வேலை செய்தனான் பிள்ளை. விரல் எண்டது எனக்கு விளங்கும். ஒளிக்காமல் சொல்லும்.”

சொன்னேன். இங்கிரிட் அழுதுகொண்டு ‘சொறி, சொறி’ என்றார். அங்கிள் அழவில்லை. அந்தப் படகில் எத்தனை பேர் உயிரோடு கரை சேர்ந்தார்கள் என்று கேட்கச் சொன்னார். பதினொரு பேர். தண்ணீர் எவ்வளவு குளிர் என்று கேட்கச் சொன்னார். மாசி மாதக் கடல், ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஒருவரும் தாங்கமாட்டார்கள். அங்கிள் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, அதை அவரிடம் எதிர்பார்க்கவும் எனக்கு நியாயம் இல்லை. போகும்போது இங்கிரிட்டின் கையைத் தொட்டு, வாசித்துக் காட்டியதற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார். இதை எழுதுவதானால் கப்பலின் பெயரை மட்டும் வெளியில் போடவேண்டாம் என்று இங்கிரிட் கேட்டார். நான் ஒப்புக்கொண்டேன்.

திரும்பும்போது ஸ்ட்ரீட்காரில் கூட்டம். ஓர் இளம் பெண் எழுந்து அங்கிளுக்கு இடம் கொடுத்தாள். யூனியனில் ரயில் ஏறியதும் அங்கிள் சொன்னார்.

“அந்த நோர்வேக்காரன் ஒருக்காத்தான் கையை எடுத்துவிட்டவன். நான் ஒவ்வொரு கார்த்திகையும் எல்லோ எடுத்துவிட்டனான்.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஓடிப்போன இரண்டு பேரின் கதையை, ஓடாமல் நின்ற மனிதரின் தலையில் ஊர் கட்டிவிட்டது. அதை நம்பிய மகனை நான் எப்படிக் குறை சொல்வது? நம்பாமல் இருக்க அவருக்கு என்ன இருந்தது? ஒரு தபாலட்டை. எனக்கு ஆத்திரம் வந்ததெல்லாம், ஆள் இறந்ததை வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி அறிவிக்காத, பெயர் தெரியாத ஏதோ ஒரு கப்பல் அலுவலகத்தின் மேல்தான். 2:20க்கு பிக்கரிங்கில் இறங்கினோம். ஜெயந்தி காரோடு நின்றாள்.

இப்படித் தேடப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில. கப்பலின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய தபாலட்டை, பெட்டி, சான்றிதழ் எதையும் எறியாதீர்கள். நம்மவர்களின் பெயரைப் பாதிதான் எழுதியிருப்பார்கள், ஊரையும் வேலையையும் வைத்துத் தேடுங்கள். வயதானவர்களோடு போனால் காலையில் போய்ப் பின்னேரத்துக்குமுன் திரும்புங்கள். கட்டணங்கள் மாறும், போகமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க வேண்டி வந்தால் எதையும் விழுங்காதீர்கள். கேட்க வந்தவர் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை அங்கிள் கூப்பிட்டார். ஆத்துமாக்கள் பட்டியலில் தகப்பனின் பெயரைக் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன்.

“இல்லைப் பிள்ளை. அடக்கப் பூசையே வைக்காத மனுசனை எப்பிடிப் பட்டியல்ல போடுறது? முதல்ல அதைச் செய்யவேணும். சுவாமியோட கதைச்சிட்டன். நீர் எழுதிறனீர்தானே, ஒரு மரண அறிவித்தல் எழுதித் தாரும்.”

வழமையான வசனங்களோடு எழுதி, தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ‘பிறப்பிடமாகவும்’ வரை சரி. வதிவிடத்துக்கு என்ன போடுவதென்று கேட்டேன். “கடல் எண்டு போடும். அங்கைதானே கனகாலம் இருந்தவர்” என்றார். கடைசி வரியில் வழக்கப்படி ‘தகவல்: குடும்பத்தினர்’ என்று இருந்தது. அதை மட்டும் வெட்டச் சொன்னார். பூசை வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்கு. வர விரும்புபவர்கள் கோயில் எதுவென்று கீழே கேளுங்கள், சொல்கிறேன். அறிவித்தல் இதுதான்:

ஊர்காவற்றுறையைப் பிறப்பிடமாகவும், கடலை வதிவிடமாகவும் கொண்டிருந்த சந்தியாப்பிள்ளை அவர்கள், போர்க்காலத்தில், வீட்டுக்கு வரும் வழியில் இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற திரேசம்மாவின் அன்புக் கணவரும், யேசுதாசனின் பாசமிகு தந்தையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

தகவல்: மகன்.