அண்ணை மாறி அனுப்பிய கசெற்

லண்டனில் இறந்துபோன அண்ணையின் பெட்டி வந்தது. அதிலிருந்த ஒரே கசெற்றை நேற்று, நான் குடியேறி வாழும் லாசாலில், என் வீட்டில் போட்டேன். அம்மாவின் குரல் வந்தது. அது முடிந்ததும் ஒரே கீச்சுச் சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அண்ணை லண்டனுக்குப் படிக்கப் போனபோது எனக்கு ஒன்பது வயது. கடிதத்துக்குப் பதில் கசெற்றில் பேசி அனுப்புவார். ஒருமுறை வந்ததில் குரலே இல்லை, இந்தக் கீச்சல்தான். யாழ்ப்பாணத்தில் கசெற் போடும் ரேடியோவைச் சுற்றி எல்லோரும் காத்திருந்தோம்.

"கசெற் பழுதாப் போச்சுது. இதிலையே கதைச்சு அனுப்புவம்," என்றார் அம்மா.

பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை நான்தான் அழுத்தினேன்.

"கிடைச்சது" என்று மட்டும் அண்ணை எழுதினார். பிறகு கடைசிவரை அவருக்குப் பெற்றோல் அடிக்கும் செட்டில்தான் வேலை.

சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். இங்கே கேம் கம்பனியில் வேலை செய்கிறாள்.

"அப்பா, இது கம்பியூட்டர் கேம்! அந்த நாளையில இங்கிலண்டுப் பெடியள் வீட்டிலை இருந்து எழுதி, கசெற்றிலைதான் பதிவினம். ஆர் செய்தது?"

கசெற்றின் மேல் அண்ணையின் பெயர் இருந்தது. அனுப்பியவர் பெயர் என்றுதான் அன்று நினைத்தோம்.

"பெரியப்பா."

"விளையாடிப் பாப்பமோ?"

"ஏலாது பிள்ளை. அதுக்கு மேலை அப்பம்மா கதைக்கிறா."