கண்ணாடி நிழல்களை எண்ணிய கட்டுரை

ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவனாக என் பெயர் அச்சேறியுள்ளது. அக்கட்டுரை பொய். அதைத் திருத்துமாறு நான் கேட்டது மறுக்கப்பட்டது. ஆகவே நடந்ததை நடந்தவாறே இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரகடத்துக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில், ஓய்வு பெற்ற பின்னரும் மருத்துவப் படிமவியல் கற்பித்து வந்தேன். துறைத்தலைவர் என்னினும் மிக இளையவர். அவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை, பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்னும் இரண்டு எண்களும் அவருடைய ஒளிப்படத்தோடு கல்லூரி வாயிலில் பதாகையாகத் தொங்கும். மேற்கோள் எண் வளர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதந்தோறும் அவருடைய கட்டுரைகளின் பட்டியல் ஒன்று எங்களிடையே சுற்றுக்கு வரும். யார் எதைப் பற்றி எழுதினாலும் அதிலுள்ள கட்டுரைகளுள் இரண்டையேனும் மேற்கோள் காட்டியாக வேண்டும். கான்கிரீட் எனும் கற்காரையின் விரிசலை ஆராய்ந்த கட்டடவியல் பேராசிரியரும் நுரையீரல் கட்டுரையை மேற்கோள் காட்டினார். நானும் காட்டினேன். இன்று நினைத்தாலும் உடல் கூசுகிறது.

உலோகத்தை உருக்கி வார்க்கும் வார்ப்படச் சாலைத் தொழிலாளரின் நெஞ்சு ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு, தூசி படிந்த நுரையீரலைக் கணினி கண்டறியுமா என்பதே துறைத்தலைவரோடு நானும் பெயரிட்ட அந்த ஆய்வு. படங்களை எடுத்துத் தந்தவர் வல்லம் வடகாலில் ஒரு பரிசோதனை நிலையத்தில் பணிபுரியும் பெண்மணி. கட்டுரை அச்சாகி ஓராண்டுக்குப் பின்தான் அதன் படி ஒன்றை அவரிடம் கொண்டு சென்றேன். முதற் படத்தைப் பார்த்ததுமே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இன்னா சார் இது, இந்தாளுக்கு ஹார்ட்டு சோத்துக்கை பக்கம் கீது?”

“அச்சுல திரும்பியிருக்கும்மா.”

“அச்சா? பக்கத்துப் படத்தப் பாருங்க. கம்பெனி பஸ்ஸுலேர்ந்து வியுந்து, பீச்சாங்கை பக்கம் காறை எலும்புல பிளேட்டு வெச்சிகினு வந்தாரு. நான்தான் எடுத்தேன். அதே பிளேட்டு, அதே ஸ்குரூ, இங்க சோத்துக்கை பக்கம். ஒரே ஆள ரெண்டு ஆளாக்கி வெச்சிகினு கீறீங்க. ரேஷன் கார்டுல கூட இப்டி சேக்க முடியாது சார்!”

கணினியைப் பயிற்றுவதற்குப் படங்களை இடவலமாகத் திருப்பிப் பெருக்கிக்கொள்வது எங்கள் துறையின் வழக்கம். திருப்பிய படங்கள் பயிற்சிக்கு மட்டுமே உரியவை. துறைத்தலைவரோ அவற்றையும் தொழிலாளராக எண்ணியிருந்தார். ஆய்வுக்கு உட்பட்டவர் என எழுதப்பட்டோருள் பாதிப்பேர் கண்ணாடி நிழல்கள்! பயிற்சியில் கண்ட நெஞ்சையே தேர்விலும் திருப்பிக் காட்டினால் கணினி தேறாமல் என்ன செய்யும்? அந்தத் தேர்ச்சியை நம்பி, நோயுற்ற ஒருவனை நலமென்று சொல்லி மீண்டும் தூசிக்குள் அனுப்பினால் இருமப்போவது அவன்தான். இதயம் இடம் மாறி நின்றதை நானும் பார்க்கவில்லை. எண்களை மட்டும் படித்துவிட்டுக் கையொப்பமிட்டேன். அந்தக் குற்றம் என்னுடையது.

மறுநாளே துறைத்தலைவர் அறைக்குச் சென்று கட்டுரையை மேசைமேல் விரித்தேன்.

“திருத்தம்னு போனா கட்டுரையவே வாபஸ் வாங்கச் சொல்லுவாங்க சார். எனக்கு அதிகமா சைட்டேஷன் வந்ததே இதுக்குத்தான். டீன் போஸ்ட்டுக்குப் பேச்சு நடக்கிற நேரம்.”

“படம் பொய்யாச்சே ஐயா!”

“படத்த யாரு சார் பாக்கறாங்க? நம்பரத்தான் பாக்கறாங்க.”

ஆய்விதழுக்கு எழுதினேன். கட்டுரையாசிரியர் அனைவரும் ஒப்பினாலன்றித் திருத்தம் இல்லை என்றார்கள். வேண்டுமானால் தனியே ஒரு மறுப்புக் கடிதம் எழுதலாம் என்றார்கள். எழுதினேன், வெளியிட்டார்கள். அது வெளிவந்த அன்று நடைவழியில் துறைத்தலைவர் என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

“ரொம்ப நன்றி சார். உங்க மறுப்புலயும் என் கட்டுரைதான் சைட் ஆகியிருக்கு. மேற்கோள் கணக்குல ஒண்ணு கூடிடுச்சு.”

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் என்னைக் கொதிக்கச் செய்தது. மறுப்பையும் பாராட்டையும் ஒன்றென எண்ணும் அளவுகோலை வைத்துக்கொண்டு அறிவை அளக்கிறோம், பதவி தருகிறோம். அன்று மாலையே பணியிலிருந்து விலகினேன். கட்டுரை இன்னும் அப்படியே நிற்கிறது.

படங்களைப் பற்றி இங்கே எழுதியவற்றை அப்பெண்மணியிடம் படித்துக்காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். கல்லூரியைப் பற்றியவை என் நினைவை மட்டுமே நம்பி எழுதியவை. அவற்றில் பிழை காண்போர் தயங்காமல் தெரிவியுங்கள். ஒருவர் சொன்னாலும் போதும், திருத்திவிடுகிறேன். எவருடைய ஒப்புதலும் எனக்குத் தேவையில்லை.