பொம்மைக்குக் கொடுத்த விருது

பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக்கடையில் நானும் என் தோழியும் வேலை பார்த்தோம். தெமோதரையிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். ஒரு வருடம் சினிமா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களின் பட்டியல் வெளியானபோது, அவளுக்குப் பிடித்த நகைச்சுவை நடிகையின் பெயர் அதில் இல்லை.

"அழுதாத்தான் நடிப்பா? சிரிக்க வைக்கிறது என்ன லேசா?" என்று வழியெல்லாம் பொரிந்தாள்.

"பட்டியல்ல இருக்கிற கதாநாயகி நல்லாத்தானே அழுதிச்சு," என்றேன். அவள் எழுந்து வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கடையில் ஆளில்லாத நேரம், புடவை கட்டி நிறுத்தும் பொம்மைக்கு இருப்பதிலேயே நல்ல பட்டுப்புடவையைக் கட்டி, "சிறந்த நடிகை இவங்கதான்" என்று அறிவித்தாள். நான் கைதட்டினேன். அப்போது முதலாளி உள்ளே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னோம்.

"அந்தப் புள்ளையையா விட்டுட்டானுங்க?" என்று எங்களைவிட அதிகமாகக் கோபப்பட்டார். பொம்மையை அப்படியே வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

தோழி கல்யாணமாகி இப்போது கொழும்பில் இருக்கிறாள். இந்த வருடப் பட்டியலிலும் அந்த நடிகை இல்லை; பார்த்ததும் பஸ்ஸிலிருந்தே அவளை அழைத்தேன்.

"பாத்தேன்டி, அநியாயம்!" என்று ஆரம்பித்தாள். அதற்குள் குழந்தை அழுதது. "அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டாள்.

பஸ் வழியிலுள்ள ஹாலிஎல தாண்டும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.