சாம்பல் தொட்ட விரலும் கொப்புள வண்டும்

எனக்கு உச்சந்தலையில் நாணயம் அகலத்துக்கு முடி கொட்டிப் போனது. புழுவெட்டு. பூ வைத்து மறைக்கிற இடமும் இல்லை அது.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று முடிந்தால், அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். பட்டு வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வோம். குனிந்த தலை நிமிராத வேலை. எதிரில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுப்பவருக்கு நம் உச்சந்தலைதான் தெரியும். அதனால் அந்த வேலையையே விட்டுவிட்டேன். எனக்குப் பிடித்த வேலை அது. என் கணவர் உட்கார்ந்து இணைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

டாக்டர் கொடுத்த களிம்பு மெதுவாகத்தான் கேட்கும் என்றார்கள். இவருக்கு ஏது பொறுமை! போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"கொப்புள வண்டுன்னு ஒண்ணு கீது. அந்தக் காலத்துல அத்தக் காயவெச்சி இடிச்சி மருந்து பண்ணாங்களாம். தோலுல கொப்புளம் எழுப்பிக் கெட்ட நீரை எடுப்பாங்களாம். முடி வளர்ற எண்ணெயில கூட போட்டாங்களாம். துவரைப் பூவுல தான் மேயுமாம்."

தேவிகாபுரத்தில் என் நாத்தனார் நிலத்தில் துவரை பூத்திருந்தது. காலையிலேயே பஸ் ஏறிப் போனோம். பனி இன்னும் வரப்பில் படுத்திருந்தது. எங்கு பார்த்தாலும் மஞ்சள் பூ. பூவுக்குப் பூ கருப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வண்டுகள், அவசரமே இல்லாமல் இதழைத் தின்றுகொண்டிருந்தன. சேலையில் இந்தக் கருப்புக்கு இந்த பார்டர் எப்படி எடுக்கும் என்று யோசித்தபடி நின்றேன். எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது. தலையிலிருந்து முக்காடு நழுவியதும் தெரியவில்லை.

"ஏங்க, கையால தொடாதீங்க."

"சாம்பல் தொட்டுகினு தான் புடிக்கிறேன். ஒண்ணும் ஒட்டாது."

பட்டுக்குச் செய்கிற வேலையை வண்டுக்கும் செய்தார் மனிதர். இழை முறுக்குகிற அதே பதத்தில் விரல் நுனியால் அழுத்தினார். மஞ்சளாக ஏதோ கசிந்தது.

மறுநாள் காலை இரண்டு கை விரல் நுனிகளிலும் நீர் கோத்துக் கொப்புளம். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, "இத்தத் தலையில தேய்ச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று திட்டி அனுப்பினார்.

தறியில் புதுப் பாவு காத்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா இழை எடுத்துக் கொடுக்க எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு குனிந்தேன். கழுத்தெல்லாம் வியர்த்தது. அக்கா ஒவ்வொரு இழையாக எடுத்துக் கொடுத்தாள். தலையைப் பற்றிச் சொல்லப் போகிறாள், இதோ சொல்லப் போகிறாள் என்று பயந்துகொண்டே முறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் பழைய ஓட்டத்துக்கு வந்துவிட்டன.

"இன்னா ஜல்தியா ஓடுது உன் கை! இத்தினி நாளா எங்க ஒளிச்சி வெச்சிருந்த?" என்றாள் அக்கா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விரலில் புதுத் தோல் வந்துவிட்டது. என் தலையில் முடி இன்னும் வரவில்லை. பாவு இணைக்க நான்தான் உட்காருகிறேன்.