பொம்மனஹள்ளியில் எல்லோரும் ஒரே இடத்தை அழுத்தினார்கள்

போன வெள்ளிக்கிழமை பெங்களூரு பொம்மனஹள்ளிக்குப் போய்வந்தேன். ஊர் பார்க்க அல்ல, பயத்தில். வாடிக்கையாளர் சேவைக் குழுக்கள் நிரல் எழுதாமலே தங்கள் டாஷ்போர்டை அமைத்துக்கொள்ள எங்கள் நிறுவனம் ஒரு கருவி விற்கிறது. எத்தனை அழைப்பு காத்திருக்கிறது, எந்தப் புகார் தாமதமாகிறது என்று வேண்டிய பெட்டிகளைத் திரையில் இழுத்து வைத்துக்கொள்ளலாம். அரதப்பழசான அந்தக் கருவியைப் புதிதாக வடிவமைத்தவள் நான். அடுத்த திங்கட்கிழமை பழையதை நிறுத்திவிடுவதாக இருந்தது. புதியது புரியாவிட்டால் ஒரு தளம் முழுக்க ஆட்கள் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் போன் எடுக்க வேண்டும். அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று நேரில் பார்க்க எனக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது.

கிருஷ்ணகிரியில் காலை ஆறரை மணிப் பேருந்து, சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் 95 ரூபாய். அத்திப்பள்ளி வரை பறந்த வண்டி சந்தாபுராவில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எலக்ட்ரானிக் சிட்டி வந்ததும், பொம்மனஹள்ளியில் இறங்கவே முடியாத மேம்பாலத்தில் ஏறிவிட்டது. கத்தினேன். "ஏறும்போதே கேக்க வேணாமாம்மா? இனி சில்க் போர்டுதான்" என்றார் கண்டக்டர். அங்கிருந்து திரும்பிவர ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "ரெண்டு கிலோமீட்டருக்கு நூறா?" என்றேன். "ட்ராஃபிக்கப் பாருங்க மேடம், வேணும்னா நடங்க" என்றார் ஆட்டோக்காரர். கொடுத்துத் தொலைத்தேன்.

அங்கே வாடிக்கையாளர் சேவைக் குழுவின் தலைவர் மஞ்சுநாத் கன்னடக்காரர், தமிழ் சரளமாக வரும். நான்கு பேரை எனக்காகத் தயாராக உட்காரவைத்திருந்தார். ஒவ்வொருவராக உள்ளே வந்து, தாமதமான புகார்களுக்கு ஒரு பெட்டி சேர்த்துச் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதலில் வந்த பையன் கடகடவென்று செய்தான். எனக்கு ஒரே பெருமை. கடைசியில் திரையின் வலது மேல் மூலையில் ஒன்றுமே இல்லாத இடத்தை அழுத்திவிட்டு, "முடிஞ்சுது மேடம்" என்றான். இரண்டாவது பெண்ணும் அதே இடத்தை அழுத்தினாள். மூன்றாவது ஆளும் அதே இடம்!

'சேமி' பொத்தான் அந்த மூலையில்தான் இருந்தது. முந்தின நாள்தான் அதைக் கீழே மாற்றியிருந்தேன். இவர்கள் திரையைப் பார்க்கவே இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்று மஞ்சுநாத்துக்கு முந்தின வாரம் அனுப்பிய கருவியின் மாதிரியை நெட்டுருப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இந்த லட்சணத்தில் திங்கட்கிழமை என்ன ஆகும்?

நான்காவதாக வந்தவள் நிர்மலா, வாணியம்பாடிப் பெண், சேர்ந்து ஐந்து மாதம். அவளும் அந்த வெற்று மூலையை அழுத்திவிட்டு மெல்லக் கேட்டாள்.

"மேடம், ரிசல்ட்ட எச்.ஆருக்கு அனுப்பிடுவீங்களா?"

"என்ன ரிசல்ட்டு?"

"இதுல தப்பு பண்ணா வேலை கன்ஃபர்ம் ஆகாதுன்னு சார் சொன்னாரு. எனக்கு அடுத்த மாசம் கன்ஃபர்மேஷன். சாப்பாட்டு நேரத்துலகூட இதத்தான் மனப்பாடம் பண்ணோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மஞ்சுநாத்தை உள்ளே கூப்பிட்டேன். "ஸ்வல்ப, கொஞ்சம் பயம் இருந்தாதானே மேடம் சீரியஸா செய்வாங்க? உங்களுக்கு நல்ல பேரு வரட்டும்னுதான்" என்றார். நல்லெண்ணத்தில் செய்தாராம்! எரிகிற தீயில் எண்ணெய்.

"நீங்க உக்காருங்க சார்."

"நானா?"

"நீங்கதான். திங்கட்கிழமை நீங்களும் இதத்தானே பார்க்கணும்?"

அவர் ஒத்திகை பார்க்காத வேலையாகக் கொடுத்தேன்: நேற்றைய அழைப்புகளும் இன்றையதும் ஒரே பெட்டியில் வர வேண்டும். நான்கு பேரும் பின்னால் வந்து நின்றார்கள். மஞ்சுநாத் எதையோ திறந்தார், மூடினார், முகத்தைத் துடைத்துக்கொண்டார், இன்னொன்றை அழுத்தினார். திரை முழுக்கக் காலி. "அய்யய்யோ, நான் ஒண்ணும் பண்ணல மேடம்!" என்றார்.

"பண்ணது நான்தான் சார். அழிக்கிற பொத்தானக் கொண்டுபோய் அங்க வெச்சிருக்கேன். பரீட்சை எனக்குத்தான், உங்க யாருக்கும் இல்ல" என்றேன்.

பிறகு நான்கு பேரும் அதே வேலையைச் செய்துபார்த்தார்கள். ஒருவராலும் முடியவில்லை. அவர்கள் தடுமாறத் தடுமாற, எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்து எனக்கு உயிர் வந்தது. எங்கள் மேலாளருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம் என்றேன். முணுமுணுத்தார், ஆனால் இரண்டு வாரம் கொடுத்தார்.

இந்த மாதிரி வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு: பேருந்து கீழ்ச்சாலையில் போகுமா என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள். மாதிரியை முன்கூட்டி யாருக்கும் அனுப்பாதீர்கள். சோதனை கருவிக்குத்தான், ஆட்களுக்கு அல்ல என்பதை மேலதிகாரியை அருகில் வைத்துக்கொண்டு முதலிலேயே சொல்லுங்கள். நான் அதைத் தாமதமாகத்தான் சொன்னேன். அந்தப் பெண்ணின் பயம் அதற்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்பது கிளம்பும்போதுதான் தெரிந்தது.

பையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். மஞ்சுநாத் நிர்மலாவிடம், "இதுக்கும் உன் வேலைக்கும் சம்பந்தமே இல்லம்மா, பயப்படாத" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "மேடம் போனப்புறமும் அப்படித்தானே சார்?"

அவர் மறுபடி உட்கார்ந்து எச்.ஆருக்கு ஒரு மெயில் அடித்தார். அனுப்புவதற்கு முன் திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டே வரி: "இன்றைய சோதனையை யாருடைய கன்ஃபர்மேஷனுக்கும் கணக்கில் எடுக்க வேண்டாம், அதில் நானும் தேறவில்லை."