டீச்சர் கட்டிவிட்ட ரிப்பன்

இன்று மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும்போது, வெயிலில் சூடேறிய ரெக்சின் சீட்டின் வாசம் என்னைப் பழைய பள்ளி நாட்களுக்கு இழுத்துப்போனது.

ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மரகதம் டீச்சர் ஒருவர்தான். அம்மாக்கள் காலையிலேயே தேங்காய்க் களத்துக்கு ஓடிவிடுவதால், சீப்பும் எண்ணெய்க் குப்பியும் சிவப்பு ரிப்பன் சுருளுமாக அவரே வீடு வீடாக வந்து, தலை வாரிப் பின்னி, எண்ணெய் காதோரம் வழிய வழிய எங்களைக் கையோடு கூட்டிப்போவார். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவதும் அவர்தான். ஒவ்வொருவராக இங்கிலீஷ் பள்ளி வேனுக்கு மாறினோம். கடைசியாக நானும்.

பிள்ளைகளை எண்ண அதிகாரி வரும் நாளன்று டீச்சர் வேனை மறித்தார்.

"ஏனுங்க அம்மணி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இவளை அனுப்புங்க. பிள்ளைங்க இல்லைன்னா பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவாங்க" என்று, என்னை ஏற்றிவிட நின்ற அம்மாவிடம் கெஞ்சினார்.

"டி.சி. வாங்கியாச்சுங்களே டீச்சர்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

டீச்சர் வேனருகே வந்தார். சன்னல் வழியாகக் கையை விட்டு, அம்மா அவசரத்தில் ரிப்பன் கட்டாமல் விட்டிருந்த என் பின்னலை இறுக்கிச் சிவப்பு ரிப்பனைக் கட்டினார்.

புதுப் பள்ளியில் நீல ரிப்பன்தான். வேன் நகர்ந்ததுமே டீச்சர் கட்டியதை உருவி வெளியே எறிந்தேன்.

டீச்சர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.